ஸ்ட்ரீமருக்கும் சுவிட்சுக்கும் நல்ல பவர் சப்ளை: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பட்டணத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் ஃபைபர் இணையம் எட்டிய வீடுகளில், கேசட்டும் சிடியும் அடுக்கியிருந்த அலமாரியில் இப்போது ஸ்ட்ரீமரும் டேக் பெட்டியும் உட்கார்ந்திருக்கின்றன. ஸ்ட்ரீமர் என்பது இணையத்திலிருந்து பாட்டை எடுத்துத் தரும் பெட்டி. தலைப்பில் இருக்கும் சுவிட்சு விளக்கு சுவிட்சு இல்லை; பல லேன் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் நெட்வொர்க் பெட்டி. டேக் என்பது டிஜிட்டல் சிக்னலை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற இசை சிக்னலாக மாற்றும் கருவி. ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பது என் தொழில். கடைக்கு வருகிறவர்கள் ஸ்பீக்கரைப் பற்றிக் கேட்பதைவிட இப்போதெல்லாம் பவர் சப்ளையைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நம் வட்டாரத்து மின்சாரம், மழை, இடி, வெக்கை இவற்றை வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன். குளிர்நாட்டு வீடுகளுக்காகச் சொல்லப்படும் யோசனைகள் இங்கே பாதிதான் எடுபடும்.

"பிட்டு எப்பவும் பிட்டுதானே அண்ணே? ராவுட்டர் அடாப்டரை மாத்தினா பாட்டு எப்படி மாறும்?"

பிட்டு, அதாவது பாட்டை எழுதிவைத்திருக்கும் 0, 1 எண்கள், மாறாது. பாட்டு இணையத்தில் சிறு சிறு பாக்கெட்டுகளாக வருகிறது. ஒவ்வொரு பாக்கெட்டோடும் சரிபார்க்கும் எண் ஒன்று வரும். வழியில் கெட்டுப்போனதைத் தள்ளிவிட்டு, ஸ்ட்ரீமர் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். வந்ததெல்லாம் அதன் நினைவகத்தில் சேர்ந்து, அங்கிருந்துதான் டேக்குக்குப் போகிறது. பாட்டு ஓடும்போது லேன் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள். கொஞ்ச நேரத்துக்குப் பாட்டு தடங்கலில்லாமல் ஓடும். ஆகவே, "இந்த அடாப்டர் போட்டால் டேட்டா சுத்தமாகும்" என்று சொல்லி விற்கிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

ஆனால் கேபிளில் பிட்டு மட்டும் போவதில்லை. பவர் சப்ளையிலிருந்து கசியும் கரண்டும், அது மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி மாற்றும்போது எழும் சுவிட்சிங் சத்தமும் அதே உலோகக் கம்பி வழியாகத்தான் போகின்றன. ஸ்ட்ரீமரிலிருந்து யூஎஸ்பி வழியாக டேக்குக்கும், அங்கிருந்து ஆர்சிஏ என்னும் சாதாரண ஆடியோ கேபிளின் வெளிக்கம்பி வழியாக ஆம்ப்ளிஃபயருக்கும் போய், கடைசியில் எர்த்தைத் தேடிப் போகும். போகிற வழியில் கொஞ்சம் வோல்டேஜை விட்டுவிட்டுப் போகும். அதுதான் இசையோடு கலக்கிறது. நல்ல பவர் சப்ளை என்று நான் சொல்வது இந்தக் கசிவையும் சத்தத்தையும் குறைக்கும் சப்ளையை.

"ஸ்ட்ரீமரின் உலோகப் பெட்டியை விரலால் தடவினால் சுள்ளென்று இருக்கிறது. கரண்ட் அடிக்கிறதா?"

இரண்டு முள் சுவிட்சிங் அடாப்டர் போட்ட பெட்டிகளில் இது சகஜம். மின்சாரப் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே, ரேடியோ இரைச்சலைக் குறைப்பதற்காக ஒய் கபாசிட்டர் என்ற சிறு கபாசிட்டரை வைத்திருப்பார்கள். அதன் வழியாகத்தான் அந்தக் கரண்ட் கசிகிறது. 2.2 நானோஃபாரட் கபாசிட்டராக இருந்தால், நம் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 0.16 மில்லியாம்ப் வரை கசியலாம். உயிருக்கு ஆபத்தில்லாத அளவு அது. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பெட்டியிலும் மறு முனையை எர்த்திலும் வைத்தால் 80, 100 என்று காட்டிப் பயமுறுத்தும். மீட்டர் கரண்டே இழுக்காததால் அப்படிக் காட்டுகிறது. விரல் வைத்தால் அந்த வோல்டேஜ் சரிந்துவிடும்.

ஆனால் சுள்ளென்று இல்லாமல் கையை உதறும்படி அடித்தால் கதையே வேறு. உடனே சுவிட்சை அணைத்துவிட்டு அந்த அடாப்டரை ஒதுக்கிவையுங்கள்.

அந்த 0.16 மில்லியாம்ப் இசைக்கு என்ன செய்யும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்சிஏ கேபிளின் வெளிக்கம்பியும் அதன் பிடியும் சேர்ந்து 0.1 ஓம் என்றால், அங்கே விழுவது 16 மைக்ரோவோல்ட். டேக் தருவது 2 வோல்ட். அதற்கு 102 டெசிபல் கீழே இருப்பது யார் காதுக்கும் கேட்காது. அதே ஆர்சிஏ பிடியில் பச்சை பூத்து 1 ஓம் ஆகிவிட்டால் விழுவது 160 மைக்ரோவோல்ட், அதாவது 82 டெசிபல் கீழே. சத்தமாக வைத்துக் கேட்கிறவர்களுக்கு, பாட்டு நிற்கும் இடங்களில் இது கேட்க ஆரம்பிக்கும். நம் ஊர் ஈரத்தில் பிடிகள் சீக்கிரம் பச்சை பூக்கும். புது சப்ளை வாங்கும் முன்னே கான்டாக்ட் கிளீனரால் ஆர்சிஏ முனைகளைத் துடைத்து, இறுக்கமாக மாட்டுங்கள். டேக்கிலும் ஆம்ப்ளிஃபயரிலும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று பின் ஆடியோ இணைப்பு இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இந்தப் பிரச்சினையில் பெரும்பகுதி அதோடு தீரும்.

"எங்கள் வீட்டு மின்சாரத்திலேயே ஏதாவது கோளாறு இருந்தால்?"

சப்ளைக்குச் செலவழிக்கும் முன் இதைத்தான் பார்க்கவேண்டும். நம் வீடுகளுக்கு எர்த், மின்சார நிறுவனமான தெனாகாவின் கம்பியோடு வருவதில்லை. வீட்டுக்கு வெளியே மண்ணில் அடித்த செம்புக் கம்பிதான் எர்த். பழைய லயங்களிலும் பழைய கடைவீடுகளிலும் அந்தக் கம்பியைப் போய்ப் பாருங்கள். கிளாம்ப் துருப்பிடித்து, பச்சை மஞ்சள் வயர் பேருக்கு ஒட்டிக்கொண்டிருப்பதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். வீட்டைப் பெரிதாக்கியபோது கம்பியின் மேலேயே சிமெண்டு போட்டு மூடியவர்களும் உண்டு.

வீட்டு மின்சாரம் பிரியும் டிபி பெட்டியில், கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிடியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது கீழே விழுகிறதே, எர்த் நன்றாகத்தான் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பட்டன் ஆர்சிடி வேலை செய்கிறதா என்று மட்டும்தான் சோதிக்கும். எர்த் கம்பி அறுந்தே கிடந்தாலும் பட்டனுக்குத் தெரியாது. எர்த்தை அளக்கத் தனிக் கருவி வேண்டும். எரிசக்தி ஆணையத்தின் சான்று பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கள். 10 ஓமுக்குக் கீழே வந்தால் நிம்மதி.

எர்த் சரியில்லாத வீட்டில் எந்த விலைக்கு சப்ளை வாங்கினாலும் கசிவு கரண்ட் போக இடமில்லாமல் ஆடியோ கேபிளில்தான் அலையும். அதைவிட முக்கியம், வீட்டிலிருப்பவர்களின் பாதுகாப்பு. இரைச்சல் போகவேண்டும் என்பதற்காக மூன்று முள் பிளக்கின் எர்த் வயரைக் கழற்றிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உள்ளே ஒரு வயர் விட்டுப்போய்ப் பெட்டியைத் தொட்டால், முழு 230 வோல்ட்டும் தொட்டவர் மீதுதான் இறங்கும்.

"சாயங்காலம் ஆனால் லைட் மங்குகிறது. அது ஸ்ட்ரீமரைப் பாதிக்குமா?"

நம் நாட்டில் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். 10 விழுக்காடு கூடலாம், 6 விழுக்காடு குறையலாம் என்பது விதி. அதாவது 216 முதல் 253 வரை. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைக்கோடியில் இருக்கும் வீடுகளில் எல்லாரும் ஏர்கோண்ட் போடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கும். சாயங்காலம் ஏழு, எட்டு மணிக்கு மீட்டரால் அளந்து எழுதிவையுங்கள். 216க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் தெனாகாவின் 15454 எண்ணில் புகார் கொடுக்கலாம். எழுதிவைத்த அளவுகள் கையில் இருந்தால் பேச்சு சுலபம்.

செம்பனை ஆலையை ஒட்டிய குடியிருப்புகளில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். ஆலைகள் பழக்குலையின் நாரையும் ஓட்டையும் எரித்துத் தங்கள் மின்சாரத்தைத் தாங்களே உண்டாக்கிக்கொள்கின்றன. உங்கள் வீட்டுக்கும் அந்த லைனிலிருந்தே வருகிறதென்றால், ஆலையில் பெரிய மோட்டார் ஓட ஆரம்பிக்கும்போது ஏற்ற இறக்கம் தெரியும்.

சுவிட்சிங் அடாப்டர்கள் 100 முதல் 240 வரை எதையும் தாங்குபவை. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினால் அவற்றுக்கு ஒன்றுமில்லை. இதில் அடிபடுவது லீனியர் சப்ளை, அதாவது டிரான்ஸ்ஃபார்மரால் வோல்டேஜைக் குறைத்து, ரெகுலேட்டரால் அதை நிலையாக வைக்கும் பழைய வகை. அதிலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், வரும் வோல்டேஜை ஒரே விகிதத்தில்தான் குறைக்கும். அங்கே குறைந்தால் இங்கேயும் குறையும். ரெகுலேட்டருக்கு வேண்டிய உபரி கிடைக்காமல் போய், 100 ஹெர்ட்ஸ் இரைச்சல் வெளியே எட்டிப் பார்க்கும். பகலில் சுத்தமாக இருந்த சப்ளை ராத்திரி உறுமுகிறது என்று கொண்டுவந்தவர்களின் சப்ளையில் பழுதே இல்லை.

"அப்படியென்றால் லீனியரா, சுவிட்சிங்கா? எது நல்லது?"

லீனியர் என்றாலே உயர்த்தி, சுவிட்சிங் என்றாலே மட்டம் என்ற பேச்சை விட்டுவிடலாம். இரண்டிலும் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு.

லீனியரின் பலம் அதன் டிரான்ஸ்ஃபார்மரில் இருக்கிறது. ஒய் கபாசிட்டர் கிடையாது. இரண்டு கம்பிச் சுற்றுகளும் தனித்தனி அறையில் சுற்றப்பட்ட டிரான்ஸ்ஃபார்மர் என்றால் கசிவு மிகக் குறைவு. வட்டமான டோராய்டு டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று கிடப்பதால், நடுவே திரை இல்லையென்றால் கசிவு கொஞ்சம் கூடும். விளம்பரப் படத்தில் டோராய்டு அழகாக இருக்கும், அதற்காக மயங்கவேண்டாம். ரெகுலேட்டரில் பழைய எல்எம்317 சில்லு இன்றைக்கும் ஒழுங்காக வேலை செய்யும். எல்டி3045 அதைவிடப் பல மடங்கு அமைதி; அதன் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட் என்று தயாரிப்பாளரின் தாள் சொல்கிறது. ஆனால் ஒரு சில்லு 500 மில்லியாம்ப்தான் தரும். ஒரே ஒரு எல்டி3045 வைத்த பலகையை "2 ஆம்ப் சப்ளை" என்று விற்றால் நம்பாதீர்கள். இரண்டு ஆம்ப் வேண்டுமென்றால் அதில் நான்காவது இணையாக இருக்கவேண்டும்.

லீனியரின் பலவீனம் வெக்கை. உள்ளே 17 வோல்ட் வந்து வெளியே 12 வோல்ட் போனால், ஒரு ஆம்புக்கு 5 வாட் வெறும் சூடாகிறது. தகரக் கூரை வீட்டில், மத்தியானம், கதவு மூடிய அலமாரிக்குள் அது இருந்தால் கபாசிட்டர்களின் ஆயுள் குறையும். எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் 10 டிகிரி சூடு கூடினால் பாதி ஆயுளை இழக்கும். 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறித்திருக்கும் கபாசிட்டர் 55 டிகிரியில் ஏறக்குறைய ஏழு ஆண்டு உழைக்கும். 65 டிகிரியில் நான்கு ஆண்டுகூட வராது. பெட்டிக்கு மேலும் கீழும் காற்றுப் போக வழிவிடுங்கள்.

சுவிட்சிங் வகையில் நான் விரும்பிச் சொல்வது மருத்துவத் தர அடாப்டர்களை. நோயாளியின் உடலோடு இணையும் கருவிகளுக்குக் கசிவு மிகக் குறைவாக இருக்கவேண்டும் என்று சட்டமே கேட்பதால், 0.1 மில்லியாம்புக்கும் கீழே வைத்துச் செய்கிறார்கள். தைவானின் மீன்வெல் நிறுவனத்தின் ஜிஎஸ்எம் வரிசை அப்படிப்பட்டது. ஆடியோக்காரர்களுக்கென்று தனியாகச் செய்யப்படாததால் விலையும் நியாயம். ஐஃபை நிறுவனத்தின் ஐபவர் வரிசை, சுவிட்சிங்கிலேயே இரைச்சலைக் குறைக்கும் சுற்றோடு 5, 9, 12 வோல்ட்டில் வருகிறது. சிறிய ஸ்ட்ரீமருக்கும் சுவிட்சுக்கும் அது போதும்.

"என் செட்டில் ஸ்ட்ரீமர், சுவிட்சு, ராவுட்டர், ஃபைபர் பெட்டி நான்கும் இருக்கின்றன. நான்கையும் மாற்றவேண்டுமா?"

வேண்டாம். டேக்குக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருக்கு முதலில். யூஎஸ்பி கேபிளால் டேக்கோடு நேராகப் பேசும் ஸ்ட்ரீமருக்குத்தான் நல்ல சப்ளையின் பலன் முழுதாகக் கிடைக்கும். அதற்கு முந்திய சுவிட்சுக்குக் கொஞ்சம். ராவுட்டருக்கு அநேகமாக ஒன்றுமில்லை. சுவர் ஓரத்து ஃபைபர் பெட்டி இணைய நிறுவனத்தின் சொத்து; அதில் கை வைக்காதீர்கள்.

ஸ்ட்ரீமரிலிருந்து டேக்குக்கு ஒளிக்கேபிள் போட்டிருந்தால், அந்த இடத்தில் உலோகத் தொடர்பே இல்லை. ஸ்ட்ரீமரின் கசிவு டேக்குக்குள் வர வழி அடைபட்டுவிட்டது. அதற்கு மேல் ஸ்ட்ரீமர் சப்ளைக்கு வெறும் பத்து ரிங்கிட் செலவழிப்பதுகூட வீண். டேக்குக்கென்று வெளி அடாப்டர் இருந்தால் அந்தப் பணத்தை அதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

"லேன் கேபிளில் விலை கூடியதை வாங்கினால் நல்லதா?"

லேன் பிளக்கின் உள்ளே இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மர் 1500 வோல்ட் வரை தாங்கிப் பிரித்துவைக்கும்படி செய்யப்பட்டது. 50 ஹெர்ட்ஸ் கசிவு அதைத் தாண்டி வராது. ஆனால் உலோக உறை போட்ட கேபிள், பிளக்கின் தகரம் வழியாக இரண்டு பெட்டிகளின் உடலையும் நேராக இணைத்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் போட்ட வேலியை அது தாண்டிப் போய்விடுகிறது. கணினிக் கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பிளக் வைத்த சாதாரண கேட் 6 கேபிளே வீட்டு ஆடியோவுக்குச் சரி.

இன்னும் சுத்தமாகப் பிரிக்கவேண்டுமென்றால் லேன் சிக்னலை ஒளியாக மாற்றும் மீடியா கன்வர்ட்டர்கள் இரண்டை வாங்கி நடுவே ஒளியிழை போடலாம். டிபிலிங்க் போன்றவர்களின் சாதாரண கன்வர்ட்டரே போதும். ஸ்ட்ரீமர் பக்கத்துக் கன்வர்ட்டருக்கு மட்டும் நல்ல அடாப்டர் கொடுங்கள். வைஃபை நன்றாக எட்டும் வீட்டில் அதுவும் தேவையில்லை. கம்பியே இல்லாதபோது எதைப் பிரிப்பது?

"எத்தனை வோல்ட், எத்தனை ஆம்ப் என்று எப்படிப் பார்ப்பது?"

பெட்டியின் அடியிலோ பழைய அடாப்டரிலோ அச்சடித்திருக்கும். வோல்ட் அதேதான் இருக்கவேண்டும். ஆம்ப் அதிகமாக இருக்கலாம், குறையக்கூடாது. குறித்ததைப் போல ஒன்றரை மடங்கு வாங்கினால் சப்ளை சூடாகாமல் ஓடும். ஒரே கம்பெனியின் சுவிட்சு ஒரு மாடலில் 5 வோல்ட்டாகவும் இன்னொன்றில் 9 வோல்ட்டாகவும் இருக்கும். ஞாபகத்தை நம்பி ஆர்டர் போடாதீர்கள்.

மாட்டும் முன் மூன்றைச் சரிபாருங்கள். முனையின் உள்விட்டம் 2.1 மில்லிமீட்டரா 2.5ஆ என்பது முதலாவது. வெளிவிட்டம் இரண்டிலும் 5.5தான் என்பதால் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். 2.5 முனையை 2.1 பின்னில் போட்டால் தொளதொளவென்று இருந்து, அசைந்தால் ஸ்ட்ரீமர் நின்று நின்று வரும். அடுத்தது நடுப்பின் பிளஸ்ஸா மைனஸா. மூன்றாவது, வோல்டேஜைத் திருகி மாற்றும் வசதியுள்ள சப்ளையாக இருந்தால் மீட்டரால் அளந்த பிறகே மாட்டுவது. இந்த மூன்றில் ஒன்று தப்பியதால் என் மேசைக்கு வந்த ஸ்ட்ரீமர்கள் பல. பாதிக்கு மேல் காப்பாற்ற முடியாதவை.

"ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியை வைத்து நானே ஸ்ட்ரீமர் செய்தேன். நல்ல சப்ளை போட்டும் திரையில் மின்னல் குறி வருகிறது."

கேபிளைப் பாருங்கள். பை 4க்கு 5.1 வோல்ட், 3 ஆம்ப் வேண்டும். வோல்டேஜ் 4.63க்குக் கீழே போனால் எச்சரிக்கையாக அந்த மின்னல் குறி வரும். சந்தையில் விற்கும் மெல்லிய யூஎஸ்பி கேபிளில் 28 கேஜ் வயர்தான் இருக்கும்; கேஜ் எண் கூடக் கூட வயர் மெல்லிசு. ஒரு மீட்டர் நீளத்தில் போக வர 0.43 ஓம். 2 ஆம்ப் இழுத்தால் 0.85 வோல்ட் கேபிளிலேயே போய்விடும். 20 கேஜ் வயரில் அதே இழப்பு 0.13 வோல்ட்தான். சப்ளையிலிருந்து பை வரை குட்டையான, தடித்த கேபிள் போடுங்கள். எச்சரிக்கை அன்றைக்கே போய்விடும்.

கைத்தொலைபேசிக்கான பல துளை சார்ஜரில் பையை மாட்டாதீர்கள். பக்கத்துத் துளையில் யாராவது போனைச் சொருகினால், சில சார்ஜர்கள் ஒரு நொடி எல்லாத் துளையையும் நிறுத்தித் தொடங்கும். பாட்டு பாதியில் செத்துப்போகும்.

"காசு போடும் முன் வித்தியாசம் தெரியுமா தெரியாதா என்று சோதிக்க வழி உண்டா?"

உண்டு. 12 வோல்ட் கருவியாக இருந்தால், ஆட்டோகேட் என்னும் தானியங்கி வாசற்கதவுக்குப் போடும் 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி ஒன்றை முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். மீட்டரில் 12.7 அளவில் நிற்கும். பிளஸ் வயரில் 2 ஆம்ப் ஃபியூஸ் ஒன்றை வைத்து ஸ்ட்ரீமருக்குக் கொடுங்கள். மின்சாரத்தோடு தொடர்பே இல்லாததால் கசிவு கரண்ட் அறவே கிடையாது. எந்த விலை சப்ளையும் அந்த விஷயத்தில் இதை மிஞ்ச முடியாது. அதில் கேட்டும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் உங்கள் செட்டில் சப்ளை ஒரு பிரச்சினையே இல்லை. ஃபியூஸை மறக்காதீர்கள். இந்த பேட்டரி ஷார்ட் ஆனால் வயர் தீப்பிடிக்கும் அளவுக்குக் கரண்ட் கொட்டும்.

பவர் பேங்க் இதற்கு ஆகாது. உள்ளே இருக்கும் 3.7 வோல்ட்டை 5 ஆக்க ஒரு சுவிட்சிங் சுற்று ஓடிக்கொண்டே இருக்கும்.

எதைப் போட்டுக் கேட்பது என்றும் கேட்கிறார்கள். தாளமும் மேளமும் நிறைந்த பாட்டில் ஒன்றும் தெரியாது. ஐந்து கட்டை சுருதியில் பாடும் பாடகியின் ஆலாபனை ஒன்றை எடுங்கள். தம்பூராவின் கீழ் ஷட்ஜம் 98 ஹெர்ட்ஸில் இருக்கும். பவர் சப்ளை உறுமல் 100 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும் ஓர் அலைவு சுருதிக்குள் புகுந்துவிடும். பாடகி மூச்சு விடும் இடங்களில் காதைத் தீட்டிக் கேளுங்கள். சுருதி அசையாமல் நின்றால் உங்கள் செட் சுத்தம். ஒன்றரைக் கட்டை, இரண்டு கட்டையில் பாடுகிறவர்களின் பதிவில் இவ்வளவு துல்லியமாகப் பிடிபடாது. மின்னல் எஃப்எம் வானொலியைத் தொலைபேசி வழியாகக் கேட்டு இந்தச் சோதனையைச் செய்யமுடியாது; சுருக்கம் குறைந்த நல்ல பதிவு வேண்டும்.

"ஷோப்பி இணையக் கடையில் சீனத்து லீனியர் சப்ளை மலிவாக இருக்கிறது. வாங்கலாமா?"

சில நன்றாகவே இருக்கின்றன. ஆனால் பார்த்து வாங்கவேண்டும். 220 வோல்ட் என்று சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரை நம் லைனில் 250 தொடும் நேரத்தில் ஓட்டினால் அதிகம் சூடாகும், பெட்டியே 'உம்' என்று அதிரும். 230 அல்லது 240 என்று குறித்ததைக் கேட்டு வாங்குங்கள். பின்னால் 115/230 என்று சுவிட்சு இருந்தால், பிளக்கைச் சொருகும் முன் அது 230இல் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெட்டி வந்ததும், சொருகாமல், மீட்டரை ஓமில் வைத்து, பவர் சாக்கெட்டின் எர்த் முள்ளுக்கும் உலோக உடலுக்கும் அளந்து பாருங்கள். ஏறக்குறைய பூஜ்யம் காட்டவேண்டும். திறந்த சுற்று என்று காட்டினால் அந்தப் பெட்டி எர்த்தே இல்லாத உலோகம், திருப்பி அனுப்பிவிடுங்கள். பெயின்ட் அடித்த தகரத்தின் மேல் எர்த் வயரை முறுக்கியிருப்பதுதான் அடிக்கடி காணும் காரணம். பிளக்கில் 13 ஆம்ப் ஃபியூஸ் இருந்தால் 3 ஆம்ப் போடுங்கள். அடாப்டராக வாங்கும்போது சிரிம் தரச்சான்று ஒட்டு இருக்கிறதா என்று பாருங்கள். நாள் முழுதும், ஆளில்லாத நேரத்திலும் ஓடப்போகும் பொருள் அது.

"ஆடியோவுக்கென்றே விற்கும் சுவிட்சும் பவர் கண்டிஷனரும் வேண்டுமா?"

என் கருத்து: வேண்டாம். எர்த், பிடிகள், டேக்குக்குப் பக்கத்து சப்ளை மூன்றும் சரியான பிறகு அவற்றுக்குச் செய்ய மிச்சமிருக்கும் வேலை மிகக் குறைவு. சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் ஃபெரைட் கிளிப்பை அடாப்டர் வயரின் முனையில், ஸ்ட்ரீமருக்கு அருகில் மாட்டுங்கள். மெகாஹெர்ட்ஸ் இரைச்சலுக்கு அது உண்மையாகவே வேலை செய்யும். 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு உதவாது. ஸ்ட்ரீமர், டேக், ஆம்ப்ளிஃபயர் மூன்றையும் ஒரே நீட்டிப்புப் பலகையில் சொருகுவதற்குக் காசே வேண்டாம்; எர்த் வட்டம் போட்டு வரும் உறுமல் பெரும்பாலும் அதிலேயே அடங்கும்.

"இடி இடித்தால் என்ன செய்வது?"

பிளக்கைப் பிடுங்குவதுதான் முதல் மருந்து. தீபகற்பத்தில் பல இடங்களில் ஆண்டில் பாதி நாளாவது இடி முழங்குகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் கருக்க ஆரம்பித்தாலே எழுந்துவிடவேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. மின்னல் வோல்டேஜுக்கு அந்த மூன்று மில்லிமீட்டர் இடைவெளி ஒரு தடையே இல்லை.

பிளக்கைப் பிடுங்கியும் செட் செத்துப்போனதே என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவி தட்டைப் பற்றித்தான். கூரையில் இருக்கும் தட்டிலிருந்து வரும் கேபிள் டிகோடருக்குள் போய், எச்டிஎம்ஐ வழியாக டிவிக்கும், அங்கிருந்து ஆம்ப்ளிஃபயருக்கும் மின்னலுக்கு வழி திறந்து வைக்கும். அதையும் கழற்றுங்கள். ஃபைபர் கேபிள் கண்ணாடி என்பதால் அதன் வழியாக மின்னல் வராது. ஆனால் அக்கா வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவே முற்றத்தைத் தாண்டி லேன் கேபிள் இழுத்திருந்தால், அது மின்னலுக்குப் போட்ட பாலம். அந்த இடத்தில் ஒளியிழைதான் போடவேண்டும்.

வேலைக்குப் போய்விடுகிறவர்கள் டிபி பெட்டியில் திடீரென்று எகிறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் டைப் 2 சர்ஜ் பாதுகாப்பு போடச் சொல்லுங்கள். வயர்கள் மொத்தம் அரை மீட்டருக்குள் இருக்கும்படி வயர்மேனிடம் சொல்லவேண்டும்; நீண்டால் அதன் பலன் போய்விடும். எர்த் கெட்டுப்போன வீட்டில் இதுவும் வெறும் அலங்காரம். சர்ஜ் பலகைகளின் உள்ளே இருப்பது ஒவ்வோர் அடிக்கும் தேயும் பொருள். பச்சை விளக்கு அணைந்துவிட்டால் பலகையை மாற்றுங்கள்.

"ராவுட்டர் வாரத்துக்கு ஒருமுறை மரத்துப்போகிறது. லைன் கோளாறு என்று நினைத்தேன்."

அடாப்டரை மாற்றிப் பாருங்கள். சில ஆண்டுகள் வெக்கையில் ஓடிய அடாப்டரைத் திறந்தால் கபாசிட்டரின் தலை உப்பி, பழுப்புக் கறை கசிந்திருக்கும்; பல நேரம் எறும்பு கூடு கட்டியிருக்கும், பல்லி முட்டையும் இருக்கும். மீட்டரில் 12 வோல்ட் சரியாகவே காட்டும். ராவுட்டர் வேகமாக வேலை செய்து கரண்ட் இழுக்கும் கணத்தில்தான் சரியும். அதே வோல்ட், அதே ஆம்புள்ள புது அடாப்டர் போட்டாலே பாதி ராவுட்டர்கள் பிழைத்துவிடும்.

"கழற்றிய அசல் அடாப்டரை வீசிவிடலாமா?"

உப்பிப்போனதை மட்டும் கழித்துவிடுங்கள். நல்லதாக இருந்தால் எந்தக் கருவிக்கு உரியது, எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதி, அடாப்டரின் உடம்பிலேயே ஒட்டி, மூடியுள்ள டப்பாவில் போட்டுவையுங்கள். உத்தரவாதத்துக்கு அனுப்பும்போது அசல் அடாப்டரும் கேட்பார்கள். ஸ்ட்ரீமர் ஒருநாள் ஓடாமல் நின்றால், கடைக்குத் தூக்கி வருவதற்கு முன் அந்த அசல் அடாப்டரைப் போட்டுப் பாருங்கள். அதில் ஓடினால் புது சப்ளையை மட்டும் கொண்டுவந்தால் போதும்.